தொப்பியின் நாதம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வீட்டில் சங்கீதம் கேட்பதைப் பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி பணித்தார். சங்கீதத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. பெட்டியைப் பற்றிப் பேசலாம். அதில் நான் பட்ட பாடு உண்டு.

காலஞ்சென்ற என் தமையனார் மிருதங்கம் வாசிப்பவர். அவருடைய கச்சேரிகளுள் ஒன்றின் ஒலிப்பதிவுதான் எங்களிடம் எஞ்சியிருக்கிறது. அதை எங்கள் சிறிய ஸ்டீரியோவில் வைத்தால் வலந்தலை தெளிவாகக் கேட்கும். தொப்பியின் கும்கி மட்டும் கேட்காது. ரவையைப் பிசைந்து அவர் தொப்பியில் அப்பும் கை என் கண்ணில் நிற்கிறது; அதன் நாதமோ காதுக்கு எட்டவில்லை.

காரணம் எளிது. தொப்பியை ஆதார சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே சேர்ப்பது வழக்கம். ஒரு கட்டைச் சுருதிக்கு அது வினாடிக்கு ஏறக்குறைய 65 அதிர்வு ஆகும். நான்கு அங்குல ஒலிபெருக்கியால் அதற்கு வேண்டிய காற்றைத் தள்ள இயலாது. சப்வூபர் என்னும் பெட்டி இதற்காகவே ஏற்பட்டது. ஏறத்தாழ 80 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டதை அது ஏற்றுக்கொள்ளும். மேலே உள்ளதைப் பழைய பெட்டிகள் பார்த்துக்கொள்ளும்.

ஒன்று வாங்கி அறையின் மூலையில் வைத்தேன். கும்கி வந்தது. என் வீட்டோடு நில்லாமல் கீழ்வீட்டுக்கும் போயிற்று! அங்கே இருதய சிகிச்சை முடிந்து படுத்திருந்தார் ஒரு வங்காளப் பெரியவர். மூன்றாம் நாள் அவர் மகள் வாசலில் வந்து நின்று, "அப்பாவின் கட்டில் அதிர்கிறது" என்றாள். "மெதுவாகத்தானே வைத்திருக்கிறேன்" என்றேன். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். அவ்வாண்டு பூஜைக்கு அவர்கள் வீட்டு இனிப்பு மேலே வரவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. என் நாற்காலியில் அது மெதுவாகத்தான் கேட்டது. தவறு அங்கேதான் இருந்தது. என் அறையின் நீளம் 14 அடி. வினாடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் 28 அடி. அறைக்குச் சரியாக இரு மடங்கு. அத்தகைய ஒலி இரு சுவர்களுக்கிடையே போய் வந்து, சுவரோரம் குவிந்து, நடுவில் இல்லாமற் போகும். நானோ நடுவில் அமர்ந்திருந்தேன். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிதார் கீழ்த்தந்திக்கு இறங்கும்போது (அது 41 அதிர்வு) எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே குமிழைத் திருகினேன். திருகியதெல்லாம் சுவருக்கும் தளத்துக்கும் போயிற்று. இவ்வளவு நீண்ட அலையை நம் காலனிச் சுவர்கள் தடுக்கமாட்டா.

எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு பெட்டிகளே பெரும்பயன் தரும் என்று டாட் வெல்டி என்பவர் 2002இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டும் ஒருசேரத் தள்ளும்போது, நான் சொன்ன அந்த அலை எழும்பாமல் அடங்கிவிடுகிறது. இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கி அவ்வாறே வைத்தேன். அதிக ஓசைக்காக அன்று; குறைந்த ஓசையில் நிறைவாகக் கேட்பதற்காக.

ஒரே பெட்டி உள்ளவர்கள் அதை நாற்காலிமேல் ஏற்றி, பாட்டை வைத்து, சுவரோரமாகத் தவழ்ந்து பாருங்கள். எங்கே ஸ்வரங்கள் ஏற்றத்தாழ்வின்றிக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை வையுங்கள். அறுபதைக் கடந்த நான் தவழ்ந்ததைக் கண்டு என் மனைவி சிரித்தது அடுத்த பிளாக்குவரை கேட்டிருக்கும்.

பிறகு கீழே சென்றேன். மேலே என் மகன் அண்ணாவின் கச்சேரியை வைக்க, பெரியவரின் கட்டிலில் உள்ளங்கையை ஊன்றி நின்றேன். சற்றே துடித்தது. தொலைபேசியில் சொல்லி இன்னும் குறைக்கச் செய்தேன். "போதும், போதும், பாடட்டும்" என்றார் அவர்.

இரவு 9 மணிக்குமேல் அவ்விரு பெட்டிகளையும் நிறுத்திவிடுகிறோம். அதன்பின் அண்ணாவின் கச்சேரியை வைப்பதில்லை; வாய்ப்பாட்டு மட்டும்தான்.