சுமந்தவன் பெயர் எங்கே?

எழுவான்கரையிலிருந்து வந்த தாய்மாரே, படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வந்த தம்பிமாரே!

மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டைக்குள் கால் வைக்காதவர் இங்கே எத்தனை பேர்? அங்கே கச்சேரி அலுவல் என்று ஏறி இறங்கித் தேய்ந்த செருப்புகள் நம்முடையவை. போர்த்துக்கேயன் கட்டினான், 1638இல் ஒல்லாந்தன் பிடித்தான், 1795இல் ஆங்கிலேயன் எடுத்தான் என்று நம் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். நான் கேட்கிறேன், யார் இந்த ஒல்லாந்தன்? யார் இந்த ஆங்கிலேயன்?

1781இல் ஒல்லாந்தக் கம்பனிக்கென்று சுவிஸ்காரரைக் கொண்டு ஒரு படை திரட்டினார்கள். டி மெரோன் படையணி என்று பெயர். 1795இல் அந்தப் படை அப்படியே ஆங்கிலேயன் சம்பளத்துக்கு மாறிவிட்டது. கொடி மாறியது, துப்பாக்கி மாறவில்லை! ஒல்லாந்தன் சாவகத்திலிருந்து கொண்டுவந்த மலாயரும் கைமாறினார்கள். அதுவும் போதாமல், ஆங்கிலேயர் கோவாவில் ஆப்பிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கிச் சீருடை மாட்டிவிட்டார்கள். விலைக்கு வாங்கியவனைப் போர்வீரன் என்று பதிவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1804 செப்டெம்பரில் இதே மட்டக்களப்பிலிருந்து ஆங்கிலேயப் படைக் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் கண்டிமேல் படையெடுத்தான். ஆயுதம் ஏந்தியவர் ஏறத்தாழ 300 பேர். அதில் வெள்ளையர் சிறுபான்மை, மற்றவர் மலாயரும் சிப்பாய்களும். அவர்களையும்விடப் பெரிய கூட்டம் ஒன்று பின்னால் நடந்தது. கூலிகள்! தலையில் அரிசி மூட்டை, தோளில் வெடிமருந்துப் பெட்டி, காய்ச்சல் கண்ட துரையைக் கிடத்திய டோலி. காட்டுப் பாதை, அட்டைக்கடி, மழை. எதிரே யார்? கண்ணுசாமி என்று பெயர் வைத்து வளர்த்த கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமியைப் பிடிக்கக் கந்தசாமிகளின் தோள்!

கண்டியை எட்டினார்கள். வந்து சேர வேண்டிய மற்றப் படைகள் வரவில்லை. நாலா பக்கமும் சுடப்பட்டு, அடிபட்டு, திருகோணமலைக்குத் தப்பினார்கள். ஜோன்ஸ்டன் 1810இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கினான். சுமந்தவன் என்ன எழுதினான்?

"சம்பளம் கொடுத்தானே ஐயா" என்பார் சிலர். யாருடைய காசு? ஒல்லாந்தன் காலத்திலிருந்தே இதே கதைதான்: 1638இல் இதே வாவிக்கரையில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு அவன் செய்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒல்லாந்தச் சிப்பாயின் செலவை மன்னன் கறுவாவாகவும் மிளகாகவும் மெழுகாகவும் அளந்து கொடுக்க வேண்டும். நம் காட்டை உரித்து, நம் முதுகில் ஏற்றிய கூலி அது.

வயிற்றுக்காகப் போன ஏழையை நான் ஏசவில்லை. 2024இல் உருசியப் போருக்குப் போய்ச் செத்த நம் நாட்டு முன்னாள் படையினரையும் ஏசவில்லை. ஆள் பிடித்துக் கொடுத்தவனைத்தான் ஏசுகிறேன், அன்றும் இன்றும்.

கோட்டை வாசலில் கட்டியவன் பெயரும் பிடித்தவன் பெயரும் மட்டும் போதாது. 1804இல் இங்கிருந்து சுமை தூக்கிப் போனவர்களுக்கு மூன்று மொழியிலும் ஒரு கல் வையுங்கள். அந்தக் கோரிக்கைத் தாள் மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோணி ஏறுங்கள்.