சிறு படகில் குளிரும் கழிவறையும்



பாய்மரப் படகில் நெடும்பயணம் என்றதும் நீலக் கடலும் வெள்ளைப் பாயுமே மனக்கண்ணில் தோன்றும். ஆனால், எட்டு அல்லது ஒன்பது மீட்டர் நீளமுள்ள ஒரு படகில் வாரக்கணக்கில் வாழ்பவர்களின் அன்றாடக் கவலை வேறு. இரவில் குளிரை எப்படித் தாங்குவது? எந்தக் கழிவறையைப் பொருத்துவது? கேட்பவர்க்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் இரண்டிலுமே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதுவே இன்றைய உரையின் கருப்பொருள்.

முதலில் குளிரைப் பார்ப்போம். மலாக்கா நீரிணையின் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள பியூஜெட் சவுண்டு கடற்பகுதியிலோ, குளிர்காலத்தில் நீரின் வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். உறங்குபவரின் தோளுக்கும் அந்த நீருக்கும் இடையில் இருப்பது படகின் சுவர் மட்டுமே. மூச்சுக் காற்றில் உள்ள ஈரமும் சமையல் ஆவியும் அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளிகளாகின்றன. மெத்தை நனைகிறது, உடை நனைகிறது. ஆகவே, படகில் குளிரைவிட ஈரமே பெரிய பகைவன்.

இதற்கான முதல் மருந்துக்கு அதிகச் செலவில்லை. பருத்தி உடை நனைந்தால் உடற்சூட்டை உறிஞ்சிவிடும்; கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். உறங்குவதற்கென்றே ஓர் உலர்ந்த உடையை ஒதுக்கி வைக்க வேண்டும். சுவரின் உட்புறத்தில் தக்கை அல்லது நுரைப் பலகை ஒட்டலாம். மெத்தைக்கு அடியில் காற்று புக இடைவெளி விட வேண்டும்.

அடுத்தது சூடேற்றும் கருவி. பலர் செய்யும் தவறு, சமையல் அடுப்பையே பற்றவைத்துக் குளிர்காய்வதுதான். ஒரு கிலோ புரொப்பேன் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். அறை சற்று நேரம் சூடாகும். பிறகு சுவரெல்லாம் வியர்க்கும். அதைவிடக் கொடியது, காற்றோட்டம் குறைந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

2013 ஏப்ரலில் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் ஒரு மோட்டார் படகில் தங்கியிருந்த தாயும் மகளும் இந்த நச்சு வாயுவால் மாண்டனர். படகுக்குள் இயங்கிய ஜெனரேட்டரின் புகை அறைக்குள் கசிந்ததே காரணம். 2019 ஏப்ரல் முதல், பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில் பாதுகாப்புச் சான்றிதழ் பெறும் படகுகளில், தங்கும் அறை இருந்தால், இந்த வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

எனவே, எந்தக் கணப்பானாலும் அதன் புகை குழாய் வழியே வெளியேறியே தீர வேண்டும். சொட்டுச் சொட்டாக டீசலை எரிக்கும் கணப்புக்கு மின்சாரம் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் பலத்த காற்றில் புகை திரும்பி உள்ளே வரக்கூடும். சூடான காற்றை ஊதும் டீசல் கருவி அறையை நன்றாக உலர்த்தும். ஆனால் மின்கலத்தை நம்பியே இயங்கும். எதைத் தேர்ந்தாலும் காற்றுத் துளையைத் துணியால் அடைக்கக் கூடாது.

இனி, கழிவறைக்கு வருவோம். வழக்கமான கைப்பம்பு கழிவறைக்குப் படகின் அடியில் இரண்டு துளைகள் வேண்டும். ஒன்றில் கடல்நீர் உள்ளே வரும். மற்றொன்றில் கழிவு வெளியே போகும். பீங்கான் நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்து, வால்வை மூட யாராவது மறந்தால், கடல் தானாகவே குழாய் வழியே ஏறிவரும். புயலே இல்லாமல், கட்டிய இடத்திலேயே படகு மூழ்கிவிடும். இதைத் தடுக்க, குழாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்து, வளைவின் உச்சியில் காற்று புகும் அடைப்பானைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் வால்வை மூடுவது வழக்கமாக வேண்டும்.

சட்டமும் உண்டு. ஸ்வீடன் 2015 ஏப்ரல் முதல் தன் கடலெல்லைக்குள் உல்லாசப் படகுகள் கழிவைக் கொட்டுவதற்குத் தடை விதித்தது. பியூஜெட் சவுண்டிலும் 2018 மே முதல் அத்தகைய தடை நடப்புக்கு வந்தது. அங்கெல்லாம் கழிவைத் தேக்கும் தொட்டி வேண்டும். சிறு படகில் அதற்கு இடம் அரிது.

கையில் எடுத்துச் செல்லும் கழிவறைக்குத் துளையே தேவையில்லை. ஆனால், இருவர் பயன்படுத்தினால் சில நாட்களில் நிரம்பிவிடும். கரையில் காலி செய்ய வேண்டும். சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிவறை இன்னொரு வழி. அதில் தூவப்படுவது, தென்னை மரத்தை அறிந்தவர்களுக்குப் பழக்கமான பொருள்தான்: தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அது கட்டிகளாக ஏற்றுமதியாகிறது. ஆயினும், குளிரில் கழிவு மட்குவது தாமதமாகும். அதையும் உரிய இடத்திலேயே அகற்ற வேண்டும்.

லின், லாரி பார்டி தம்பதியர் இயந்திரமே இல்லாத 24 அடி நீளப் படகில் உலகைச் சுற்றியவர்கள். அவர்களுடைய கழிவறை ஒரு வாளிதான். இன்று கரையோரங்களில் அந்த வழி செல்லாது. எனினும், அதில் உள்ள பாடம் மாறவில்லை. எளிய கருவி பழுதாவதில்லை. பழுதானாலும் கையாலேயே சரிசெய்யலாம்.

ஆகவே, கருவி வாங்கச் செல்பவர் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தக் கணப்பின் புகை வெளியேற வழி இருக்கிறதா? இந்தக் கழிவறை வழியே கடல் உள்ளே வர வழி இருக்கிறதா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றும், இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் பதில் கிடைக்க வேண்டும். அதோடு, முதன்முறையாகப் படகேறிய விருந்தினரும் நள்ளிரவு இருட்டில் தவறின்றி அதைக் கையாள முடிய வேண்டும். அப்படிப்பட்ட படகில்தான் அனைவரும் நிம்மதியாகக் கண்ணயரலாம்.