கஞ்சித் தொட்டியும் மனித மானமும்
(சாகுபுரத்தில் தோழர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)

உப்பளத்திலும், ஆலையிலும், கடலிலும் பாடுபடுகின்ற உங்கள் முன் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கதையாகும். கஞ்சி ஊற்றுவது நல்ல காரியந்தானே, அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊற்றினவன் எந்த எண்ணத்தோடு ஊற்றினான், குடித்தவனின் மானம் என்னவாயிற்று என்பதே நமது கேள்வி.

சென்னை இராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது 1782-ம் வருஷத்தில். ஐதர் அலிக்கும் கம்பெனியாருக்கும் நடந்த சண்டையில் பயிர் அழிந்து, ஜனங்கள் பட்டினி கிடந்தபோது கஞ்சி ஊற்றிய இடம் அது. 1799-ல் அங்கு ஒரு வைத்தியசாலை உண்டாயிற்று. அதுவே வளர்ந்து இன்று ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக இருக்கிறது. பழைய சென்னைவாசிகள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லி வந்தார்கள். அந்த ஜனங்கள் பட்டினி கிடந்தது பூர்வ ஜென்மத்துப் பாவத்தாலா? இல்லை, இரு கூட்டத்தார் நாடு பிடிக்கப் போட்ட சண்டையால்.

அடுத்து, 1876 முதல் 1878 வரை இருந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பாருங்கள். சர்க்கார் கஞ்சி முகாம்களும் கூலி வேலைகளும் ஏற்படுத்திற்று. ஆனால், செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் துரை, நாள் முழுதும் மண் சுமக்கிற ஆண் மகனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒன்றரை ராத்தலுக்குக் குறைந்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் கார்னிஷ் என்ற வெள்ளைக்கார வைத்தியரே வாதாடினார். 1877-லேயே படியைச் சற்று உயர்த்த வேண்டியதாயிற்று. ஆயினும் அப்பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல். அதே 1877 ஜனவரி முதல் தேதியில்தான் டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக்கி தர்பார் நடத்தினார்கள்!

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1834-ல் செய்த ஏழைகள் சட்டத்திலிருந்து. ஏழை விடுதிக்குள் இருப்பவனின் நிலை, வெளியே கூலி செய்யும் கடைசி ஏழையின் நிலையைவிட மோசமாயிருக்க வேண்டும் என்பது அதன் தத்துவம். புருஷனை ஒரு பக்கமும் பெண்சாதியை ஒரு பக்கமும் பிரித்து வைத்தார்கள். ஏழையாயிருப்பதே குற்றம் என்பதுதான் அதன் அர்த்தம்.

நம் நாட்டு தர்மமோ இன்னும் விசித்திரமானது. பக்கத்துத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஊட்டுப்புரைகளில் பார்ப்பனர்களுக்குச் சர்க்கார் செலவில் இலவசச் சாப்பாடு போட்டார்கள். அவர்களை யாராவது மண் சுமக்கச் சொன்னார்களா? ராத்தல் கணக்குப் பார்த்தார்களா? பாடுபடுகிறவனுக்கு அளந்து கஞ்சி. பாடுபடாதவனுக்கு அளக்காத அன்னம்! இதற்குப் பெயர் புண்ணியமாம். புண்ணியம் தேடுகிறவனுக்கு ஏழை என்றும் ஏழையாகவே இருந்தால்தான் சௌகரியம் என்பதை மறக்காதீர்கள்.

வேறு வழி ஒன்றும் நம் நாட்டிலேயே பிறந்தது. 1920-ல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தது. 1956-ல் காமராசர் ஆட்சி அதை மாகாணம் முழுவதற்கும் விரித்தது. பள்ளியில் எல்லா ஜாதிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, அங்கே கை ஏந்துகிறவனும் இல்லை, புண்ணியம் சம்பாதிக்கிறவனும் இல்லை. எந்த ஊரிலாவது வரிசையைப் பிரிப்பார்களானால் அதைத் தடுப்பது நம் கடமையாகும்.

ஆகவே தோழர்களே! ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் மூழ்கி வேலையற்றிருக்கும் நாட்களுக்கு நீங்கள் நிவாரணம் கேட்டால், அதைப் பிச்சையென்று ஒருவன் சொல்லவும் கூடாது; நீங்கள் அப்படி நினைக்கவும் கூடாது. வெயிலில் நீங்கள் வாரிக் குவித்த உப்பு எல்லார் சோற்றிலும் இருக்கிறது. தலை நிமிர்ந்து கேளுங்கள்.