பிறநாட்டில் ஆங்கில ஆசிரியப் பணியும் உடனிருப்போர் பகையும்



பிறநாடு சென்று ஆங்கிலம் கற்பிக்கும் உத்தியோகம் என்றவுடன், சம்பளம் எவ்வளவு, இருக்க இடம் தருவார்களா, குளிர் தாங்குமா என்பனவே முதலிற் கேட்கப்படும் கேள்விகள். பக்கத்து மேசையில் இருக்கப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் ஒப்பந்தம் முடியுமுன் மனமுடைந்து திரும்பிய ஒருவருடன் சற்று நேரம் இருந்து பேசிப் பாருங்கள். குளிரையும் உணவையும் சொல்லி முடித்தபின் பக்கத்து மேசையின் கதை வந்தே தீரும். இன்று அந்த மேசையைப் பற்றியே நாம் பேச எண்ணுகிறோம்.

உடன் வேலை செய்வோரால் தொல்லை எங்கும் உள்ளதுதானே என்று பெரியோர் எண்ணலாம். உண்மைதான். எனினும் சொந்த ஊர்க் கந்தோரில் ஒருவர் நம்மைச் சிறுமைப்படுத்தினால், மாலையில் வீடு வந்து சொல்லி ஆற ஆள் உண்டு. வேலையை விட்டெறிந்தாலும் படுக்கப் பாய் உண்டு. பிறநாட்டிலோ வேலை, வீடு, விசா என்ற மூன்றும் பெரும்பாலும் ஒரே கையில் இருக்கின்றன.

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் கல்வி நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆங்கிலம் கற்பிக்க வருவோருக்கு ஈ-2 என்னும் விசா வழங்கப்படுகிறது. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்ற ஏழு நாட்டவருக்கே அது பொதுவாகக் கிடைக்கும். ஆதலால் இங்கிருந்து நேரே செல்வது அரிது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் வளர்ந்த எம்மவர் பிள்ளைகளுக்கோ அவ்வழி திறந்திருக்கிறது. அந்த விசா வேலை கொடுப்பவருடன் பிணைக்கப்பட்டது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு. இடையில் வேறு நிலையத்துக்கு மாறுவதாயின் முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். குடியிருக்கும் அறையும் அவர் தந்ததே. ஓராண்டு நிறைந்தால்தான் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் விலகற் பணமாகச் சட்டப்படி கிடைக்கும். பத்தாம் மாதத்தில் சக ஆசிரியர் ஒருவர் முதலாளியின் காதிற் கோள் ஓதத் தொடங்கினால், அதை வெறும் மனக்கசப்பு என்று தள்ளிவிட முடியுமா?

இனி, பகை எது, பழக்கம் எது என்று பிரித்தறிதல் வேண்டும். இதிலேதான் இளைஞர் பெரிதும் இடறுகிறார்கள்.

யப்பானில், 1987ஆம் ஆண்டு தொடங்கிய ஜெற் திட்டத்தின் கீழும், ஆசிரியரைத் திரட்டி அனுப்பும் தனியார் நிறுவனங்கள் வாயிலாகவும், பாடசாலைகளுக்கு உதவி மொழியாசிரியர்கள் வருகிறார்கள். அங்கே ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே பெரிய அறை. மேசைகள் கூட்டங் கூட்டமாக ஒட்டிப் போடப்பட்டிருக்கும். உப அதிபர் எல்லோரையும் பார்க்கத்தக்கதாக முன்னே அமர்ந்திருப்பார். புதிதாய் வந்தவர் வணக்கம் சொன்னால் சிலர் தலை நிமிராமலே முணுமுணுப்பர். வேலை முடிந்து புறப்படுகையில், உங்களுக்கு முன் போகிறேன், மன்னியுங்கள் என்ற பொருள்பட ஒரு சொல் உண்டு. அதைச் சொல்லாமல் நழுவினால் முகங்கள் இறுகும். விடுமுறையில் வெளியூர் போய் வந்தவர் மேசைக்கு மேசை சிறு பலகாரம் வைப்பது வழக்கம். வெறுங்கையுடன் வந்தால் அதுவும் கவனிக்கப்படும். இவற்றைப் பகை என்று கொள்வது பேதைமை.

அந்த ஆசிரியரின் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் 2018ஆம் ஆண்டு நடத்திய ஆய்வில், யப்பானியக் கீழ் இடைநிலைப் பாடசாலை ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பதாகக் காணப்பட்டது. பங்குபற்றிய நாடுகளின் சராசரி ஏறக்குறைய 38 மணி. இத்தனை சுமையின்மேல், மொழி தெரியாமல் வந்திறங்கிய அந்நியருக்கு வங்கிக் கணக்குத் திறப்பது, காய்ச்சல் என்றால் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வது, எந்தக் கிழமை எந்தக் குப்பை வெளியே வைப்பது என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் ஆங்கிலம் கற்பிக்கும் உள்ளூர் ஆசிரியரின் தலையில் விழுகின்றன. கொரிய அரசாங்கப் பாடசாலைகளிலும் இதுவே நிலை. அவர் இதைக் கேட்டு வாங்கியவர் அல்லர். இதற்கெனத் தனிச் சம்பளம் கிடைப்பதும் அரிது. அவருடைய சிடுசிடுப்பிற் பாதி நமக்குரியதே அன்று. வகுப்பில் நம்மை ஒலிப்பதிவுக் கருவிபோல நிறுத்தி, இதை வாசி, அதை வாசி என்று மட்டும் சொல்கிறார் என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. அவருக்கு நம்மோடு இருந்து பாடந் தயாரிக்க நேரமில்லை. பத்து நிமிடத்துக்குரிய ஒரு பயிற்சியை எழுதி முதல்நாளே அவர் மேசையில் வைத்தால், வாரத்துக்கு ஒரு முறையாவது அது வகுப்பிற் போகும். சுமையைச் சற்றுக் குறைத்தவர் மீது வெறுப்பு நீடிப்பது அரிது.

அப்படியாயின் உண்மையான பகைக்கு அடையாளம் யாது? சுவீடனிற் பணியாற்றிய ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலறிஞர் 1980களில் இதை ஆராய்ந்தார். ஒரு வேலைத்தலத்தில் ஒரே ஆளைக் குறிவைத்து, வாரம் ஒரு முறையேனும், ஆறு மாதமளவு தொடர்ந்து துன்புறுத்துவதையே அவர் இந்நோயின் அளவாகக் கொண்டார். ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது நமது கருத்தன்று. ஒரே ஆளை, திரும்பத் திரும்ப என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். எல்லோரிடமும் எரிந்து விழுபவர் குணம் கெட்டவர். உம்மிடம் மட்டும் எரிந்து விழுந்து, கூட்டம் நடக்கும் நேரத்தை உமக்கு மட்டும் சொல்லாமல் விடுபவர் வேறு வகை.

உள்ளூர் ஆசிரியரைவிட ஆபத்தானவர் ஒருவர் உண்டு. நம்மைப்போலவே அந்நியராய் வந்து, எட்டோ பத்தோ ஆண்டு தங்கி, ஊருக்குத் திரும்பவும் மனமின்றி, இருக்கவும் பிடிப்பின்றி இருப்பவர். புதியவர் வந்த முதல் வாரமே அன்பாக அழைத்துச் சென்று விருந்து வைப்பார். அந்தச் சிற்றூரில் ஆங்கிலம் பேசும் வேறு ஆளும் இருக்கமாட்டார். விருந்து முடியுமுன், அதிபர் இப்படி, அந்த ஆசிரியை அப்படி, இந்நாட்டவரே இப்படித்தான் என்று எல்லோர் மீதும் நஞ்சைத் தெளித்துவிடுவார். இரண்டு மாதத்தில் புதியவருடைய கண்ணும் அவருடைய கண்ணாகிவிடும். மாணவர் சிரித்தால் ஏளனம் என்று தோன்றும். சக ஆசிரியர் மௌனமாயிருந்தால் சதி என்று தோன்றும். இவரிடம் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. விருந்துக்கு நன்றி சொல்லி, உள்ளூர் விளையாட்டுக் கழகத்திலோ மொழி வகுப்பிலோ வேறு இரண்டு நண்பரைத் தேடிக்கொள்வதே போதும். தாமரையிலைத் தண்ணீர்போல இருப்பது என்பது இங்கேதான் உபயோகப்படும்.

பகை உறுதியானால் செய்யவேண்டியது ஆத்திரத்துடன் அதிபரின் அறைக்குள் நுழைவது அன்று. ஒரு கொப்பியை வாங்குங்கள். நடந்த நாள், நேரம், இடம், உடனிருந்தவர், சொல்லப்பட்ட சொல் ஆகியவற்றை அன்றிரவே எழுதுங்கள். நமது வருத்தத்தை எழுத வேண்டாம்; நடந்ததை மட்டும் எழுதுவோம். பாடசாலைக் கணினியில் அதை வைக்க வேண்டாம். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும். பின்பு, குறித்த ஆளிடமே தனிமையில், பிறர் காதிற் படாமல் ஒரு முறை பேசிப் பாருங்கள். யப்பானிற் பலர் முன்னிலையில் ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது, வழக்கில் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் நம்மையே குற்றவாளியாக்கிவிடும். அதன் பின்னரே மேற்பார்வையாளர்.

சட்டமும் முன்போல் ஊமையாய் இல்லை. தென்கொரியாவில் 2019ஆம் ஆண்டு யூலை 16 முதல், வேலைத்தலத் துன்புறுத்தல் தொழில் நியமச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. முறைப்பாடு கிடைத்தால் வேலை கொடுப்பவர் விசாரிக்கவே வேண்டும். முறையிட்டவரைப் பழிவாங்கினால் சிறைத் தண்டனையும் உண்டு. ஆனால் ஐந்து பேருக்குக் குறைந்த வேலைத்தலங்களுக்கு அவ்விதி ஏற்பட்டதன்று என்பதைச் சிறு ஹாக்வொன்னுக்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டும். யப்பானில் 2020 யூனில் பெரிய நிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரலில் சிறிய நிறுவனங்களுக்கும், இத்தகைய முறைப்பாடுகளைக் கேட்க ஒழுங்கு செய்யும் கடமை விதிக்கப்பட்டது. விசாவும் அங்கே ஒரே முதலாளியுடன் கட்டுண்டதன்று. அதே வகை வேலைக்கு மாறியபின் 14 நாளுக்குள் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவித்தால் போதும். இன்னொன்று: யப்பானியப் பாடசாலையாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் சில ஆண்டுக்கொருமுறை அப்போது இடமாற்றம் பெறுவர். தை மாதத்தில் மலைபோல் நின்ற ஆள் சித்திரையில் வேறூரில் இருக்கக்கூடும். நாட்காட்டியைப் பாராமல் இராசினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை தொலைபேசியில், இங்கே இருக்க முடியவில்லை என்று சொன்னால், பொறுத்துக்கொள், ஊர் என்ன சொல்லும் என்று உடனே வாய்திறவாதீர்கள். ஒழுங்காக நித்திரை கொள்கிறாயா, சாப்பிடுகிறாயா என்று முதலிற் கேளுங்கள். இரண்டிற்கும் இல்லை என்ற பதில் வாரக்கணக்காக வருமாயின், விமானச் சீட்டின் விலையைவிடப் பெரிய நட்டம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. வைத்தியரையும் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வருவதற்கு வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்றும் சொல்லுங்கள். கதவு திறந்திருப்பதை அறிந்த பிள்ளை சிலவேளை வராமலே ஒப்பந்தத்தை முடித்துவிடும்.

போக ஆயத்தமாகும் வாலிபருக்குக் கடைசியாக ஒன்று. கையொப்பமிடுமுன், இந்த இடத்தில் இப்போது கற்பித்துவிட்டு விலகிப் போகிற ஆசிரியருடன் தனியாகப் பேச வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். ஏன் போகிறீர்கள், அங்கே யாருடன் சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். பேச ஒழுங்கு செய்ய முடியாது என்று நிறுவனம் மறுத்தால், வேறு நிலையங்களுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

நேரமாகிவிட்டது. கேள்வி உள்ளவர்கள் இப்போது கேட்கலாம்.