கேட்டறிந்து கொடுப்போம்
(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

அறநிதியின் வரவு செலவுக் கணக்கு இப்போது உங்கள் முன் வாசிக்கப்பட்டது. அக்கணக்கில் இடம்பெறாத ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சென்ற ஆண்டு பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு நான்கு தையல் இயந்திரங்கள் வாங்கிக் கொடுத்தோம். இன்று அவை சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. "எங்களுக்கு வேண்டியது ஊருணிக்குப் படித்துறை. எங்களை யாரும் கேட்கவில்லையே" என்றார் அவ்வூர் மூதாட்டி ஒருவர். குற்றம் அவர்களுடையதன்று, கேளாமல் கொடுத்த நம்முடையதே.

கேட்டறிந்து கொடுத்தவர்களின் வரலாறு ஒன்று உண்டு. பாகிஸ்தானின் வட மலைப்பகுதிகளான கில்கித், சித்ரால், பல்திஸ்தான் ஊர்களுக்காக 1982ஆம் ஆண்டு ஆகா கான் அறக்கட்டளை ஓர் ஊரக ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் ஷுஐப் சுல்தான் கான். அவருடைய வழிகாட்டி அக்தர் ஹமீத் கான். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைக் கண்டபின் ஐ.சி.எஸ். பதவியைத் துறந்து, அலிகர் அருகே பூட்டுத் தொழிலாளியாக வாழ்ந்து பார்த்தவர். ஏழையின் வேலையை ஏழையோடு இருந்து கற்றவர் அவர்.

திட்டத்தார் ஊருக்குள் சென்று கேட்டது ஒரே கேள்வி: பெரும்பாலான வீடுகளுக்குப் பயன்தரும் ஒரு வேலை எது? ஊர் கூடிப் பேசி முடிவு சொல்லும். பின்னர் பொறியாளர், ஊராருடன் நடந்து பார்த்து மதிப்பிடுவார். மூன்றாவதாக, இரு தரப்பின் கடமைகளும் பேசி முடிக்கப்படும். பல ஊர்கள் கேட்டவை, பனிமலை நீரைத் தரிசு நிலத்துக்குக் கொண்டுவரும் வாய்க்கால்களே. நன்கொடை ஒருமுறைதான். ஊரார் தமக்குள் சங்கம் அமைத்து, தவறாது கூடி, இயன்றதைச் சேமிக்க வேண்டும். கட்டியதைப் பராமரிப்பதும் அவர்கள் பொறுப்பே. தாமே தேர்ந்த வாய்க்கால் உடைந்தால், பிறர் வரட்டும் என்று எவரும் காத்திருப்பதில்லை அல்லவா?

இம்முறை 1990களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியே ஆந்திர மாநிலத்தின் சில மாவட்டங்களுக்கும் வந்தது. அங்கே மகளிர் குழுக்கள் அதன் அடித்தளமாயின.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஊர் கூடினால் உரத்த குரலே முதலில் கேட்கும். நிலமில்லாதவரும் பெண்களும் பின்வரிசையில் மௌனமாக இருப்பர். மலைநாட்டில் பெண்களுக்கெனத் தனிச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. நாமும் பெண்களிடம் தனியே கேட்க வேண்டும்.

ஆகவே இப்பொதுக்குழுவின் முன் ஒரு முன்மொழிவை வைக்கிறோம். வரும் ஆண்டு அறநிதியின் ஒரு பகுதியை, சுற்றுப்புறச் சிற்றூர்கள் தாமே முன்வைக்கும் சிறு பணிகளுக்கென ஒதுக்குவோம். ஓர் ஊருக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மிகாமல் கொடுப்போம். உடலுழைப்பும் பராமரிப்பும் அவ்வூராருடையவை. எந்தச் சமயத்தார் ஊர் என்று பாரோம். கொடுத்தவர் பெயர் பொறித்த கல்லும் வேண்டாம்.

முதல் பணி அந்தப் படித்துறையாக இருக்கட்டும். அதையும் அவ்வூராரிடம் மறுமுறை கேட்டபின்பே தொடங்குவோம். பயனின்றிக் கிடக்கும் தையல் இயந்திரங்களை, வேண்டுமெனக் கேட்போருக்கு மாற்றிக் கொடுப்போம்.

உங்கள் ஒப்புதலை வேண்டி அமர்கிறோம். வஸ்ஸலாம்.