மஞ்சளுக்குள் ஈயம் வந்த கதை

சாயப்பட்டறைத் தண்ணீர் பற்றிப் பேசின எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தாங்க. "உடம்பில் சேர்ந்த உலோகங்களை வெளியே எடுக்க என்ன சாப்பிடணும்? டீடாக்ஸ் ஜூஸ் ஏதாவது இருக்கா?" இன்றைக்கு ஒரே ஒரு உலோகத்தை மட்டும் எடுத்துக்கிறேன். ஈயம். அதுக்கு அப்படி ஒரு ஜூஸ் கிடையாது. ஏன் கிடையாது, அப்போ என்னதான் வழி என்பதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம பாட்டி ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கே, அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறதும் அதுதான். பேட்டரிக்குள்ள இருக்கிறது காரீயம். ரெண்டும் வேற வேற உலோகம், ஆனா பேச்சில் ரெண்டையும் ஈயம்னே சொல்லிடுறோம். வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து சொம்பு செஞ்சா, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. புளித்தண்ணி கொதிக்கிற பாத்திரம்னா அது சின்ன விஷயமும் இல்லை. இனி நான் ஈயம்னு சொன்னா காரீயத்தைத்தான் சொல்றேன்.

இந்த ஈயத்தால் நம் உடம்புக்கு எந்தப் பிரயோஜனமும் கிடையாது. இரும்பு, துத்தநாகம் மாதிரி கொஞ்சமாவது வேணும்கிற உலோகம் இல்லை. ஆனாலும் உடம்பு அதை உள்ளே விடுது. காரணம், கால்சியம் போகிற பாதைகளில் ஈயமும் நுழைந்துவிடும். உடம்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். சின்னக் குழந்தைகள் உடம்பு பாதி வரைக்கும் எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டில் இரும்பும் கால்சியமும் குறைவா இருந்தா இன்னும் அதிகம். அதாவது, சத்துக்குறைவான குழந்தைக்கு அதே அளவு ஈயம் கூடுதல் கேடு செய்யும்.

ரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதம்தான் அதிக அளவில் இருக்கும். அதுக்குப் பிறகு குறையும். போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. கால்சியம் எங்கே போகுமோ அங்கே, எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். பெரியவர்கள் உடம்பில் இருக்கிற ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். அங்கே பத்து, இருபது வருஷம்கூட இருக்கும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்குக் கால்சியம் கொடுக்கத் தாயின் எலும்பு கரையுமில்லையா, அப்போ பழைய ஈயமும் கூடவே வெளியே வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. தாய் சிறுமியா இருந்தப்போ உள்ளே போன ஈயம், இருபத்தைந்து வருஷம் கழிச்சு வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் போகும். இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கொஞ்ச நேரம் வேற வேலை ஓடலை.

பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு, இதய நோய். ரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாகிறதையும் தடுக்கும், அதனால் ரத்தசோகை வரும். குழந்தைகளுக்கு மூளைதான் முதல் இலக்கு. கற்கும் திறன், கவனம், அடக்கம் எல்லாம் பாதிக்கப்படும். பெரும்பாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வராது, வாந்தி வராது. "படிப்பு ஏறலை"ன்னு வீட்டில் திட்டு வாங்கும், அவ்வளவுதான் வெளியே தெரியும். அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கவலைப்பட வேண்டிய அளவு என்று 1960-களில் வைத்திருந்தது ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 60 மைக்ரோகிராம். 1991-ல் அது 10 ஆச்சு, 2012-ல் 5, 2021-ல் 3.5. உலக சுகாதார நிறுவனம் இப்போ சொல்றது, பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்பதுதான்.

சரி, மருந்து கொடுத்து எடுக்க முடியாதா? அளவு ரொம்ப அதிகமா இருந்தா, மருத்துவமனையில் கொடுக்கிற மருந்து இருக்கு. அது ஈயத்தைப் பிடித்து சிறுநீரில் வெளியேற்றும், உயிரைக் காப்பாற்றும். ஆனா மிதமான அளவு ஈயம் இருந்த 780 அமெரிக்கக் குழந்தைகளிடம் அந்த மருந்தைச் சோதித்து 2001-ல் முடிவு வெளியிட்டாங்க. ரத்தத்தில் ஈயம் குறைந்தது. அறிவுத்திறன் சோதனையில், மருந்து சாப்பிட்ட குழந்தைகளுக்கும் சாப்பிடாத குழந்தைகளுக்கும் வித்தியாசம் இல்லை. மருந்தாலேயே மீட்க முடியாததை கொத்தமல்லி ஜூஸ் மீட்கும்னு யாராவது விற்றா, தயவுசெய்து வாங்காதீங்க.

அப்போ இருக்கிற ஒரே வழி, ஈயம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அங்கேயே நிறுத்துறதுதான். சொல்ல சுலபம். வங்கதேசத்தில் அதை எப்படிச் செய்தாங்கன்னு பாருங்க.

டாக்காவில் ஐ.சி.டி.டி.ஆர்.பி. என்று ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1960-களின் கடைசியில் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்த அதே இடம்தான். அவங்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கிராமப்புறக் கர்ப்பிணிகள் 430 பேரின் ரத்தத்தைச் சோதித்தாங்க. கிட்டத்தட்ட மூன்றில் ஒருத்தருக்கு ஈய அளவு 5-க்கு மேல். பக்கத்தில் தொழிற்சாலை, கார் நெரிசல் ஒண்ணும் இல்லாத கிராமங்கள். எங்கிருந்து வந்தது?

சந்தேகப் பட்டியல் நீளமா இருந்தது. பூச்சிக்கொல்லி, அரிசி, ஈயப் பற்ற வைத்த தகர டப்பா, கர்ப்ப காலத்தில் சிலர் சாப்பிடுகிற சுட்ட களிமண். கூடவே மஞ்சள் தூள். இங்கேதான் வேதியியல் கைகொடுத்தது. ஈயத்துக்கு நாலு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்திலும் அவை கலந்திருக்கிற விகிதம் கொஞ்சம் மாறும், கைரேகை மாதிரி. பெண்களின் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் கைரேகையை ஒவ்வொரு சந்தேகப் பொருளோடும் ஒப்பிட்டாங்க. மஞ்சளோடு பொருந்தியது.

மஞ்சளுக்குள் ஈயம் மண்ணிலிருந்து வரலை. லெட் குரோமேட் என்று ஒரு நிறமி இருக்கு, பளிச்சென்ற மஞ்சள். பெயிண்டில் போடுவது. வங்காளத்தில் அதைப் 'பியூரி' என்று சொல்றாங்க. ஆராய்ச்சியில் தலைமையாக இருந்த ஜென்னா ஃபோர்சைத்தின் குழு விவசாயிகளிடமும் மில்காரர்களிடமும் பேசிப் பார்த்தபோது, பழக்கம் 1980-களில் வந்த ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு தொடங்கியதாகச் சொன்னாங்க. நனைந்த மஞ்சள் சரியா காயாம மங்கிப்போச்சு. மங்கின மஞ்சளை யாரும் வாங்கலை. பாலிஷ் போடும்போது கொஞ்சம் பியூரி தூவினா நிறம் வந்துடுது. வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் நிற்கலை. ஒரு மாதிரியில் கிராமுக்கு 1,152 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. அந்த நாட்டுச் சட்ட வரம்பு 2.5.

வில்லன் யாருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. தூவினவரை விட்டுவிடச் சொல்லலை. ஆனா கடையில் ரெண்டு குவியல் இருந்தா நாம எல்லாருமே பளிச்சுன்னு இருக்கிறதுக்குத்தானே கையை நீட்டுவோம்?

இந்தக் கண்டுபிடிப்பு 2019-ல் வெளியாச்சு. அந்த வருஷமே வங்கதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் வேலையில் இறங்கியது. பத்திரிகை, டிவி, சந்தைகளில் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை. டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு சோதனை போட்டாங்க. மஞ்சள் மேல் வைத்தா சில நொடியில் ஈயம் இருக்கான்னு சொல்லிடும். சிக்கின ரெண்டு வியாபாரிகளுக்கு அங்கேயே நடமாடும் நீதிமன்றம் அபராதம் போட்டது, ஏறக்குறைய 900 கிலோ மஞ்சளைப் பறிமுதல் செய்தது. செய்தி நாடு முழுக்கப் போச்சு. 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2020-ல் 5 சதவீதம். 2021-ல் பூஜ்யம். மஞ்சள் மில் தொழிலாளர்களின் ரத்தத்திலும் ஈயம் கணிசமாகக் குறைந்தது. பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு வேகமான வெற்றி அபூர்வம். இதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி கட்டலை, யாருக்கும் மாத்திரை கொடுக்கலை.

இப்போ நம்ம பக்கம் வருவோம். அதே குழு அப்புறம் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் என்று 23 நகரங்களில் மஞ்சள் வாங்கிச் சோதித்து 2024-ல் முடிவு வெளியிட்டது. ஏழில் ஒரு மாதிரியில் ஈயம் கிராமுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டியது. பாட்னாவில் வாங்கின சில மாதிரிகளில் ஆயிரத்துக்கும் மேல். இந்தியாவில் மஞ்சளுக்கு வரம்பு 10. லெட் குரோமேட் கலக்கவே கூடாது என்பது இங்கேயும் சட்டம்தான்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் உண்டு. "தூள் வாங்காதே, முழு மஞ்சளா வாங்கி மெஷினில் கொடுத்து அரை" என்பது நம் வீடுகளில் வழக்கமான அறிவுரை. பாட்னாவில் மோசமா இருந்தது பாலிஷ் போட்ட முழு மஞ்சள். பூச்சு கிழங்கின் மேலேயே இருக்கு, நாம அதையும் சேர்த்து அரைச்சுடுறோம். வாட்ஸ்அப்பில் வருகிற டம்ளர் தண்ணீர் சோதனையில், பூச்சு ரொம்ப அதிகமா இருந்தா நிறம் கழன்று வரலாம். ஆனா நிறம் வரலை என்பதால் ஈயம் இல்லைன்னு சொல்ல முடியாது. அதை ஆய்வகம்தான் சொல்லணும்.

ஈரோட்டுப் பக்கம் தெரிஞ்சவங்க இருந்தா பாலிஷ் போடாத மஞ்சளைக் கேட்டு வாங்குங்க. தோல் சொரசொரப்பா, பழுப்பு கலந்து, பார்க்க அழகில்லாம இருக்கும். குறை ஒண்ணும் இல்லை. வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் இயல்பில் அப்படித்தான் இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்து, பக்கத்தில் பழைய பேட்டரி உருக்குகிற இடம் இருந்தாலோ, வீட்டில் யாராவது அந்த வேலை செய்தாலோ, டாக்டரிடம் கேட்டு ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கோங்க. வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீங்க, தூசி அதிலேயே வரும்.

பேட்டரி உருக்குகிற கதையை இன்றைக்குத் தொடலை, அதுக்குத் தனி எபிசோடு வேணும். உங்கள் ஊரில் அப்படி இடம் இருந்தா எழுதுங்க.