பேசாத படத்துக்கு வாய் கொடுத்தது யார்?

(வடமதுரைப் பட்டிமன்றத்தில், ‘திரைப்படத்துக்கு உயிர் தருவது வசனமா? இசையா?’ என்ற தலைப்பில், ‘இசையே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் மூச்சு விடாம வசனம் பேசிக் களைச்சுப் போயிருக்கிற எதிரணி நண்பர்களே! சௌந்தரராசப் பெருமாள் குடியிருக்கிற வடமதுரைத் தாய்மார்களே, பெரியோர்களே!

‘வசனம் இல்லாட்டி படமே இல்லை’ன்னு எதிரணித் தலைவர் அடிச்சுப் பேசினார். ஐயா, 1931-ல ‘காளிதாஸ்’ வந்து வாயைத் திறக்கிற வரைக்கும் நம்ம ஊர்ல ஓடினதெல்லாம் என்ன? அதுவும் படந்தானே! திரையில வாய் அசையும், சத்தம் வராது. ஆனா கொட்டகை சும்மா இருக்கல. திரைக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஆர்மோனியமும் தபலாவும் வாசிச்சாங்க.

அது பழங்கதைன்னு சொல்வீங்க. 1987-க்கு வாங்க. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசன் நடிச்ச படம். பேரு ‘பேசும் படம்’. படத்துல ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க! (சிரிப்பு) இசை எல்.வைத்தியநாதன். கதாநாயகன் சினிமா தியேட்டர் பக்கத்துல குடியிருந்தவன். பெரிய ஓட்டல்ல மெத்தையில படுத்தா, அந்த அமைதியில தூக்கம் வரல. தியேட்டர் சண்டைச் சத்தத்தை டேப்புல பதிஞ்சு வந்து, அதைப் போட்டுக்கிட்டுத் தூங்குறான்! வசனமும் தூங்க வைக்குமுங்க, இல்லைன்னு சொல்லல. எதிரணி பேசும்போது முன் வரிசையிலேயே பார்த்தேன். (பலத்த சிரிப்பு)

இன்னொரு படம், ‘ஷிராஸ்’. தாஜ்மகாலைக் கட்டின கதையைச் சொல்ற 1928-ஆம் ஆண்டு மௌனப் படம். எண்பத்தொன்பது வருஷம் கழிச்சு, 2017-ல, அதுக்குப் புதுசா இசையமைச்சாங்க சித்தார் கலைஞர் அனுஷ்கா சங்கர். லண்டன்ல படம் ஓட ஓட, குழுவோட மேடையில உட்கார்ந்து நேரடியா வாசிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க. இந்த இடத்துல என்ன நினைச்சு எடுத்தீங்கன்னு கேட்க, இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டன் உயிரோட இல்லை. தயாரிச்சு நடிச்ச ஹிமான்சு ராய் இல்லை. இருக்கிறது முகம் மட்டும்தான். அதைப் படிச்சுத்தான் இசை எழுதணும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டுன்னார். கண்ணீர் ஒண்ணுதான், அழுகையிலயும் வரும், உவகையிலயும் வரும். ஒரு தாய் வாசலைப் பார்க்கிறா. நாகசுரம் வாசிங்க, மகன் மணக்கோலத்துல வர்றான். ஒத்தைச் சங்கு ஊதுங்க... அவன் எப்படி வர்றான்னு நான் சொல்ல வேண்டாம். முகம் அதே முகம்தான். இசை தப்பினா முகமே பொய்யாயிடும்.

இதை நான் பாடுபட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்னு போச்சு. நானோ வார்த்தையை வச்சுப் பொழைக்கிற தமிழ் வாத்தியார். அவங்க கண்ணு கலங்கினா, பக்கத்துல உட்கார்ந்து அரைமணி நேரம் ஆறுதல் பேசுவேன். முகத்தைத் திருப்பிக்குவாங்க. ஒருநாள் என் தங்கச்சி வந்தா. ஒண்ணும் பேசல. தலையைச் சீவிவிட்டுக்கிட்டே, அம்மா எங்களுக்குப் பாடின தாலாட்டை வார்த்தையில்லாம முனகினா. கொஞ்ச நேரத்துல அம்மாவும் கூடவே முனகினாங்க! ஆறு மாசமா நாங்க கேட்காத குரல். பேச்சுப் போன சிலருக்கு மெட்டு மிஞ்சும்னு டாக்டர் சொன்னார்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. என் பாட்டுக்குப் பின்னணி வாசிச்சுக்கிட்டிருந்தேன். அம்மா கேட்டது ஆறுதல் இல்லை, துணை. (கைதட்டல்)

மௌனப் படத்துக்கு இசையமைக்கிறவர் செய்யறதும் அதுதான். முதல்ல முகத்தைப் பார்க்கணும், அப்புறந்தான் வாசிக்கணும்.

நடுவர் அவர்களே, வசனம் வேண்டாம்னு நான் சொல்லல. வசனம் நின்னு போற இடம் ஒண்ணு வரும். அங்கேயும் கூட வர்றது இசை. நீங்க தீர்ப்புச் சொல்லப் போறது வசனம். அதைக் கேட்டு இந்த ஊர் தட்டப் போகுதே கை, அது இசை! எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. (நீண்ட கைதட்டல்)